அடைக்கு வைத்த முட்டைகள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் படேவியா என்று ஒரு சிற்றூர். விவசாய இயந்திரங்கள் செய்துவந்த மாஸி-ஹாரிஸ் ஆலையை நம்பித்தான் அங்கே பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. 1950களின் நடுவில் ஆலையை மூடிவிட்டார்கள். எட்டரை லட்சம் சதுர அடிக் கட்டடம் ஆளரவமில்லாமல் நின்றது. உள்ளூரில் பல தொழில்கள் நடத்திய மான்குசோ குடும்பம் 1959இல் அதை வாங்கியது. மொத்தமாக எடுத்துக்கொள்ள எந்தப் பெரிய கம்பெனியும் வராததால், ஜோசப் மான்குசோ இடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சிறு தொழில்களுக்கு வாடகைக்கு விட்டார். வந்தவர்களுக்கு அலுவலக உதவி, தொழில் யோசனை, பணம் திரட்ட ஒத்தாசை எல்லாம் சேர்த்தே கொடுத்தார். குடியேறியவர்களில் ஒருவருடையது கோழித் தொழில். அதைக் காட்டி, கோழிக்குஞ்சோடு சேர்த்துக் கம்பெனிகளையும் பொரிப்பதாக அவர் வேடிக்கையாகச் சொல்லப்போய், இன்குபேட்டர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

நம் அரசு ஆவணங்கள் இதைத் தொழில் வளர்காப்பகம் என்கின்றன. நல்ல சொல்தான், ஆனால் கோழி காணாமல் போய்விட்டது. எனக்குக் கோழி வேண்டும். அடை வைக்கத் தெரிந்த வீடுகளில் ஏழெட்டு நாள் கழிந்ததும் முட்டையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். உள்ளே நரம்பு ஓடியிருந்தால் மறுபடி கோழிக்கு அடியில் போகும். ஓடாவிட்டால் கூமுட்டை. 21 நாள் காத்தாலும் நாற்றம்தான் மிஞ்சும், நல்ல முட்டைக்குப் போக வேண்டிய சூட்டையும் அது தின்றுவிடும்.

வளர்காப்பகங்களைப் பற்றிய ஆய்வுகள் எல்லாம் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இதுதான்: குஞ்சு வெளிவந்தது கோழியின் சூட்டாலா, முட்டைக்குள் ஏற்கனவே உயிர் இருந்ததாலா? ஒரு வளர்காப்பகம் நூறு விண்ணப்பங்களில் பத்தை எடுக்கிறது. அந்தப் பத்தில் மூன்று நன்றாக வளர்கின்றன. எங்களால்தான் வளர்ந்தன என்று ஆண்டறிக்கையில் போடுகிறார்கள். பொறுக்கி எடுத்ததே நன்றாக வரக்கூடியவற்றைத்தானே என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

இந்தியாவில் இதற்கு வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 1982இல் தொழில்முனைவை வளர்ப்பதற்கென்றே ஒரு வாரியம் அமைத்தது. கல்லூரி வளாகங்களில் அறிவியல் தொழில்முனைவோர் பூங்காக்கள் வந்தன. அவற்றில் ஆரம்பகாலத்தது 1986இல் திருச்சியில் மண்டலப் பொறியியல் கல்லூரியை ஒட்டித் தொடங்கப்பட்ட ட்ரெக்-ஸ்டெப். பெல் நிறுவனமும் அதற்கு உதிரி வேலை செய்யும் பட்டறைகளும் பக்கத்திலேயே இருந்த இடம். அப்போது ஸ்டார்ட்-அப் என்ற சொல் இங்கே யார் வாயிலும் இல்லை, சிறுதொழில் என்றுதான் பேசினார்கள். 1998இல் கோவை பிஎஸ்ஜியில் ஒரு பூங்கா வந்தது. 2000க்குப் பிறகு ஐஐடிகள், ஐஐஎம்கள் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன.

பெருக்கம் வந்தது 2016இல். அந்த ஜனவரி 16ஆம் தேதி ஸ்டார்ட்-அப் இந்தியா திட்டம் தொடங்கியது. அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ் ஒரு வளர்காப்பகத்துக்கு ஐந்தாண்டுகளில் 10 கோடி ரூபாய் வரை மானியம் கிடைத்தது. 2021இல் வந்த விதைநிதித் திட்டம் 945 கோடி ரூபாயை ஒதுக்கி, அதைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பை வளர்காப்பகங்களிடமே விட்டது. ஒரு நிறுவனத்துக்கு மாதிரி செய்து காட்ட 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை முதலீடு அல்லது கடன். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியையும் வளர்காப்பகங்களுக்குக் கொடுக்கலாம் என்று சட்டம் அனுமதித்தது. 2016இல் சில நூறாக இருந்த அங்கீகாரம் பெற்ற புத்தொழில் நிறுவனங்களின் எண்ணிக்கை 2025 ஜனவரியில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது.

பணம் வந்ததும் கட்டடமும் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாவட்டத் தலைநகரை ஒட்டிய பொறியியல் கல்லூரியில் பேச அழைத்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் வளர்காப்பகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் முதல்வர். வாசலில் திறப்புவிழாக் கல்வெட்டு. கதவு பூட்டியிருந்தது. சாவி அலுவலக உதவியாளரிடம், அவர் சாப்பிடப் போயிருந்தார். கால் மணி நேரம் கழித்து உள்ளே போனால், பச்சையும் ஆரஞ்சுமாக உட்கார்ந்தால் அமுங்கும் மெத்தைப் பைகள், சுவர் முழுக்க ஸ்டீவ் ஜாப்ஸ், அப்துல் கலாம் படங்கள். மூலையில் பிளாஸ்டிக் உறை போட்ட முப்பரிமாண அச்சு இயந்திரம். ஓடுகிறதா என்று கேட்டேன். "ஸ்பூல் தீர்ந்துபோச்சு சார், வாங்க ஃபைல் போட்டிருக்கு" என்றார் பொறுப்பாசிரியர். எட்டு மாதமாக அந்தக் கோப்பு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது.

வெளியே வரும்போது மூன்றாமாண்டு மாணவன் ஒருவன் பின்னாலேயே வந்தான். ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் எரிந்துபோகாமல் தடுக்கும் ஒரு கருவி செய்திருந்தான். அப்பா தென்னந்தோப்புக்காரர், வருஷத்துக்கு இரண்டு தடவை காயில் கட்டக் கொடுத்து அலுத்தவர். கருவிக்குப் பெட்டி எங்கே செய்தாய் என்றேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லேத் பட்டறை, ஆறு மணிக்கு மேல் அந்த அண்ணன் இயந்திரத்தைத் தொட விடுவாராம். தகடு காசு மட்டும் வாங்கிக்கொள்வாராம். தண்ணீர் புகாமல் ரப்பர் வளையம் வைக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தானாம். அந்தக் கல்லூரியின் வளர்காப்பகம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது.

அந்த லேத்துக்காரர் செய்ததைப் பெரிய அளவில் செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் 1990களில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சகாக்களும் டெநெட் என்ற குழுவாகச் சேர்ந்து, தங்கள் பழைய மாணவர்களைக் கம்பெனி தொடங்க வைத்தார்கள். மைடாஸ் கம்யூனிகேஷன் அப்படி வளர்ந்ததுதான். கிராமத்துக்குக் கம்பி இழுக்காமல் தொலைபேசி கொடுக்கும் கார்டெக்ட் அமைப்பை உருவாக்கினார்கள். செல்பேசி மலிவானதும் கார்டெக்ட் மங்கிவிட்டது. ஆனால் ஆய்வகமும் கம்பெனியும் ஒரே மேசையில் உட்கார முடியும் என்ற பழக்கம் அந்த வளாகத்தில் தங்கியது. 2006இல் ஊரகத் தொழில்நுட்ப வளர்காப்பகம், 2010இல் தரமணியில் ஆராய்ச்சிப் பூங்கா, 2013இல் ஐஐடியின் பொது வளர்காப்பகம் என்று வரிசையாக வந்தன. பழக்கம் முதலில், கட்டடம் பிறகுதான் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகள் இந்த வரிசையைத் தலைகீழாகப் படித்துவிட்டன.

யூனிஃபோர் அந்த ஊரக வளர்காப்பகத்தில் வளர்ந்தது. 2008இல் உமேஷ் சச்தேவும் ரவி சரோகியும் தொடங்கினார்கள். இருவரும் ஐஐடி மாணவர்கள் இல்லை, வெளியிலிருந்து வந்தவர்கள். கையில் கொண்டுவந்த யோசனை ஒன்று, கடைசியில் செய்தது வேறொன்று. எழுத்தும் ஆங்கிலமும் வராத மனிதனோடு இயந்திரம் அவன் மொழியில், குரலில் பேச வேண்டும் என்ற தேவை கிராமப்புறத்தைப் பார்த்தபோது புலப்பட்டது. அந்தக் குரல் தொழில்நுட்பம் பிறகு பெரிய நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவைக்குப் போனது. 2022இல் நிறுவனத்தின் மதிப்பு 250 கோடி டாலர் என்று முதலீட்டாளர்கள் கணக்கிட்டார்கள். தலைமையகம் இப்போது கலிஃபோர்னியாவில்.

ஏதர் எனர்ஜியின் கதையை இன்னும் நிதானமாகப் பார்க்கலாம். தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் ஐஐடி மெட்ராஸில் பொறியியல் வடிவமைப்பு படித்தவர்கள். 2012இல் படிப்பை முடித்து வேலைக்குப் போய், சில மாதங்களில் அதை விட்டுவிட்டு வளாகத்துக்கே திரும்பினார்கள். மின்சார ஸ்கூட்டருக்கு நல்ல பேட்டரி செய்து விற்கலாம் என்பதுதான் முதல் எண்ணம். அன்று சந்தையில் இருந்த மின்சார ஸ்கூட்டர்களை நினைத்துப் பாருங்கள்: ஈய-அமில பேட்டரி, 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர். அந்த வரம்புக்குள் இருந்தால் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம் என்பதால் தயாரிப்பாளர்கள் அதைத் தாண்டவே முயலவில்லை. அவற்றை வாங்கியவர்களிடம் போய்க் கேட்டபோது, கோளாறு பேட்டரியோடு நிற்கவில்லை, வண்டியே சரியில்லை என்பது தெரிந்தது. அப்படியானால் வண்டியையே செய்ய வேண்டும். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் இரண்டு பேர் ஒரு வாகனத்தை அடிச்சட்டத்திலிருந்து வடிவமைக்கப் போகிறோம் என்றால் எந்த வங்கி மேலாளர் உட்காரச் சொல்வார்?

முதல் பணம் சுமார் 45 லட்சம் ரூபாய். மத்திய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம், ஐஐடி, ஐஐடியின் பழைய மாணவரும் ஏரோஸ்பைக் கம்பெனியின் இணை நிறுவனருமான வி. ஸ்ரீநிவாசன் ஆகியோரிடமிருந்து வந்தது. தொகை சிறியது. ஒரு வாகன நிறுவனம் ஒரு வண்டியின் அச்சு வார்ப்புகளுக்குச் செலவிடுவதில் கால் தூசு பெறாது. ஆனால் வளாகத்துக்குள் இருந்ததால் ஆய்வகம் இருந்தது, கேட்டால் பதில் சொல்லும் பேராசிரியர்கள் இருந்தார்கள், விடுமுறையில் வந்து வேலை செய்ய மாணவர்கள் இருந்தார்கள். பேட்டரி என்று சொல்லிவிட்டு வந்து ஸ்கூட்டர் என்று மாற்றினாலும் யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. என் கணக்கில் அந்த 45 லட்சத்தைவிட இதற்குத்தான் விலை அதிகம்.

2014 டிசம்பரில் ஃபிளிப்கார்ட் நிறுவனர்கள் இருவரும் 10 லட்சம் டாலர் போட்டார்கள். அடுத்த ஆண்டு டைகர் குளோபல் 1.2 கோடி டாலர். 2016 பிப்ரவரியில் பெங்களூரில் வண்டியைக் காட்டினார்கள், அதே ஆண்டு ஹீரோ மோட்டோகார்ப் 205 கோடி ரூபாயோடு வந்தது. வாடிக்கையாளர் கைக்கு வண்டி போனது 2018இல். தொடங்கி ஐந்து ஆண்டு ஆகிவிட்டது. அதற்குள் நிறுவனம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்திருந்தது. பின்னர் தொழிற்சாலை ஓசூரில் வந்தது. 2025 மே 6ஆம் தேதி பங்குச் சந்தையில் பட்டியலானது. அப்போதும் லாபம் இல்லை. 2024-25 நிதியாண்டில் சுமார் 2,255 கோடி ரூபாய் வருவாய், 812 கோடி ரூபாய் நஷ்டம்.

அந்தப் பங்கு வெளியீட்டில் தங்கள் பங்கில் ஒரு பகுதியை விற்றவர்கள் பட்டியலில் பெரிய முதலீட்டு நிறுவனங்களோடு ஐஐடி மெட்ராஸின் இரண்டு வளர்காப்பகங்களும் இருந்தன. லாப நோக்கற்ற ஓர் அமைப்பு ஆரம்பத்தில் வாங்கிய சிறு பங்கு, பன்னிரண்டு ஆண்டு கழித்து அடுத்த முட்டைகளுக்குத் தவிடாக மாறுகிறது. பங்கு வாங்குவது சுரண்டல் என்று நம் மாணவர்கள் சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பங்கே வாங்காத வளர்காப்பகத்துக்கு நீங்கள் ஜெயித்தாலும் ஒன்றுதான், தோற்றாலும் ஒன்றுதான்.

ஏதருக்கு ஐந்து ஆண்டு என்றால் அக்னிகுல் காஸ்மோஸுக்கு ஆறரை. ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மொயின், ஐஐடியின் எரிதல் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி ஆகியோர் 2017 இறுதியில் தொடங்கினார்கள். ஒரே துண்டாக அச்சிட்ட ராக்கெட் எஞ்சின் அவர்களுடைய சரக்கு. நூற்றுக்கணக்கான உதிரிகளைப் பற்றவைத்து இணைப்பதற்குப் பதிலாக ஒரே உலோகத் துண்டு. எஞ்சினை எரித்துப் பார்க்க ஆய்வகம் வேண்டும், ஏவ ஸ்ரீஹரிகோட்டாவில் இடம் வேண்டும், இஸ்ரோவில் வேலை செய்து பழுத்தவர் ஒருவர் பக்கத்தில் வேண்டும். மூன்றும் சென்னையிலிருந்து எட்டும் தூரத்தில் கிடைத்தன. 2024இல் ஏவுதல் நான்கு முறை தள்ளிப்போனது. மே 30ஆம் தேதி, ஐந்தாவது முயற்சியில், சோதனை ராக்கெட் மேலே போனது. ஆறரை ஆண்டு முடிவில் ஒரு சோதனைப் பயணம்! இதை ஒரு வளர்காப்பகத்தின் காலாண்டு அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? நம் திட்டங்கள் பலவற்றில் ஒரு நிறுவனத்துக்கு இரண்டு, மூன்று ஆண்டுதான் இடம். மென்பொருளுக்கு அது தாராளம். உலோகமும் வேதிப்பொருளும் மருந்தும் சம்பந்தப்பட்ட இடத்தில் அது பிரசவத்துக்கு ஐந்து மாதம் கெடு வைப்பது போன்றது.

மென்பொருளுக்கு வளர்காப்பகம் வேண்டுமா என்பதே தனிக் கேள்வி. ஸோஹோ 1996இல் தொடங்கியது. வளர்காப்பகமும் இல்லை, வெளி முதலீடும் இல்லை. சென்னையில் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்து 2021இல் நாஸ்டாக்கில் பட்டியலானது. மடிக்கணினியும் இணையமும் இருந்தால் ஆரம்பித்துவிடக்கூடிய தொழிலுக்கு மேசை வாடகையில் சலுகை ஒரு பொருட்டே இல்லை. அங்கே வேண்டியது வேறு. 2005இல் பால் கிரஹாமும் ஜெசிகா லிவிங்ஸ்டனும் நண்பர்களோடு தொடங்கிய ஒய் காம்பினேட்டர் அதைப் புரிந்துகொண்டது: இடமே தராமல், சிறு தொகையும் சிறு பங்கும், மூன்று மாதக் கடும் பயிற்சியும், முடிவில் முதலீட்டாளர் முன் நிறுத்துவதும். டிராப்பாக்ஸ், ஏர்பிஎன்பி அதிலிருந்து வந்தவை. அதை வளர்காப்பகம் என்பதைவிட முடுக்கி என்பதே பொருத்தம். நாம் இரண்டையும் ஒரே பலகையின் கீழ் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

இனி ஆய்வுகள். முட்டையா சூடா என்ற சிக்கலைக் கெட்டிக்காரத்தனமாக அவிழ்த்த ஓர் ஆய்வு சிலி நாட்டைப் பற்றியது. அந்த அரசு 2010இல் ஸ்டார்ட்-அப் சிலி என்ற திட்டத்தைத் தொடங்கி, பங்கு கேட்காமலே பணமும் உட்கார இடமும் கொடுத்தது. தேர்வானவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடுதலாக ஒரு பள்ளி: வழிகாட்டி, இலக்கு, அந்த இலக்கை எட்டினாயா என்று அவ்வப்போது கணக்குக் கேட்பது. கொன்சாலெஸ்-உரிபே, லெதர்பீ என்ற இரண்டு ஆய்வாளர்கள், மதிப்பெண் வரம்பைச் சற்றே தாண்டி உள்ளே வந்தவர்களையும் சற்றே தவறி வெளியே நின்றவர்களையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்பும் தரத்தில் ஏறக்குறைய ஒன்று என்பதால் வித்தியாசம் தெரிந்தால் அது திட்டத்தின் விளைவுதான். 2018இல் வெளியான முடிவு: பணமும் இடமும் மட்டும் கிடைத்தவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. பள்ளியும் சேர்ந்து கிடைத்தவர்கள் முன்னேறினார்கள். மெத்தைப் பைகளுக்குச் செலவழிக்கும் முன் நம் கல்லூரி நிர்வாகிகள் இந்த ஒரு கட்டுரையைப் படித்திருக்கலாம்.

இன்னொன்று அமெரிக்காவைப் பற்றி அலெஹாந்த்ரோ அமெஸ்குவா செய்தது. வளர்காப்பகத்தில் வளர்ந்த நிறுவனங்கள் வேலைவாய்ப்பிலும் விற்பனையிலும் கொஞ்சம் முன்னே நிற்கின்றன, ஆனால் மற்றவற்றைவிடச் சீக்கிரம் மூடப்படவும் செய்கின்றன என்று அவர் கண்டார். முதல் வாசிப்பில் இது வளர்காப்பகத்துக்கு எதிரான சாட்சி. எனக்கு இதில் விளக்கு வெளிச்சத்தில் முட்டையைத் தூக்கிப் பார்க்கும் கைதான் தெரிகிறது. ஓடாத தொழிலை இரண்டாம் ஆண்டிலேயே மூடிவிட்டு இருபத்தாறு வயதில் வேறு வேலைக்குப் போவது தோல்வியில் சேராது. வீட்டை அடகு வைத்து எட்டு ஆண்டு இழுப்பதுதான் தோல்வி. ஆனால் நம் மானிய விதிகளில் மூடிய நிறுவனம் எண்ணிக்கையில் குறைவாகத் தெரியும். அதனால் கூமுட்டைகளையும் கூடையிலேயே வைத்துக் கணக்குக் காட்டுகிறார்கள்.

பெரிய குறை என்று நான் நினைப்பது இதுவரை சொன்ன எதுவும் இல்லை. முதல் வாடிக்கையாளர் யார் என்பதுதான். விருது கிடைக்கிறது, மானியம் கிடைக்கிறது, அமைச்சர் கையால் காசோலை கிடைக்கிறது. பொருளை வாங்க ஆள் கிடைப்பதில்லை. குடிநீர் வாரியத்துக்கோ மருத்துவமனைக்கோ விற்கப் போனால் மூன்றாண்டு விற்றுமுதல், முன்பே இதேபோல் சப்ளை செய்த சான்று என்று டெண்டர் படிவம் நீள்கிறது. ஒரு வயதுக் குழந்தையிடம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் கேட்பது மாதிரி. அரசுத் துறைகள் புத்தொழில் நிறுவனங்களிடம் குறிப்பிட்ட தொகை வரை டெண்டர் இல்லாமல் நேரடியாக வாங்கலாம் என்று கேரளம் வழி செய்தது. திருப்பூரிலும் சிவகாசியிலும் நாமக்கல்லிலும் ஆயிரக்கணக்கான ஆலை முதலாளிகள் தினமும் ஏதோ ஒரு தொழில்நுட்பச் சிக்கலோடு மல்லுக்கட்டுகிறார்கள். அவர்களில் பத்துப் பேரைக் கூட்டிவந்து உங்கள் தலைவலி என்ன என்று கேட்டு, அதையே மாணவர்களுக்குக் கேள்வித்தாளாகக் கொடுக்கும் வளர்காப்பகத்துக்குக் கட்டடமே தேவைப்படாது.

அந்தத் தென்னந்தோப்புப் பையன் படிப்பு முடிந்ததும் கருவியை நாற்பது, ஐம்பது விவசாயிகளுக்கு விற்றான் என்று கேள்விப்பட்டேன். லேத்துக்காரர்தான் முதல் பத்துப் பேரைப் பிடித்துக் கொடுத்தாராம். அவர் கடைக்கு மோட்டார் தண்டு கடையக் கொண்டுவந்தவர்கள்தான் அந்தப் பத்துப் பேரும்.

உங்கள் பிள்ளையோ நீங்களோ ஒரு வளர்காப்பகத்தில் சேர விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தால், கட்டடத்தைச் சுற்றிக் காட்டும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். இங்கே இருக்கும் இயந்திரங்களில் எது போன வாரம் ஓடியது, யார் ஓட்டினார்கள்? இங்கிருந்து போன இரண்டு பேரின் செல்பேசி எண்கள் கிடைக்குமா, ஒருவர் ஜெயித்தவராகவும் இன்னொருவர் கடையை மூடியவராகவும் இருக்கட்டும். இரண்டாவது எண்ணைத் தரத் தயங்கினால் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள்.